மலை மேல் ஒரு படகு

அந்த ஊரில் வெயில் எப்படி அடிக்கும் தெரியுமா? காக்கை நிழல் தேடித் தேடிச் சலித்துப்போய், கடைசியில் தன் நிழலிலேயே தான் உட்கார்ந்துகொள்ளும். பல்லி சுவரில் ஏறும்போது சூடு தாங்காமல் நான்கு காலையும் மாற்றி மாற்றித் தூக்கி, நாட்டியம் ஆடிக்கொண்டே கூரைக்குப் போகும். கோழி முட்டையிட்டால் அது பாதி வெந்துதான் கீழே விழும்.

இதிலெல்லாம் ஒரு கைப்பிடி மிகை இருக்கலாம். ஆனால் ஏரி விஷயத்தில் துளிகூட மிகை இல்லை. ஏரி வற்றிவிட்டது.

ஊக்குவின் அப்பா அந்த ஏரியில் படகு ஓட்டியவர். ஊரே அவரைக் 'கேப்டன்' என்றுதான் கூப்பிடும். ஊக்கு என்பதும் பட்டப்பெயர்தான். ஆள் அவ்வளவு ஒல்லி. அவள் பக்கவாட்டில் திரும்பி நின்றால், டீச்சர் 'இன்று வரவில்லை' என்று எழுதிவிடுவார்.

ஏரி வற்றிய பிறகும் கேப்டன் வேலைக்குப் போவதை நிறுத்தவில்லை. காலையில் எழுந்து குளிப்பார். குளிப்பது என்றால் ஒரு சொம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றி, அது கால் வரைக்கும் வந்து சேருமா என்று காத்திருப்பது. பிறகு தொப்பியை மாட்டிக்கொண்டு, சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பிவிடுவார்.

"எங்கப்பா போறே?" என்று ஊக்கு கேட்பாள்.

"டூட்டிக்கு."

டூட்டி என்ன? வெடித்துக் கிடக்கும் தரையில் நடந்து, ஏரியின் நடுவே நிற்கும் படகில் ஏறி உட்கார்வது. அவ்வளவுதான். சேறு காய்ந்து கல்லாகி, பூமி படகைக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டது போல இருந்தது. அதில் சாயங்காலம் வரை உட்கார்ந்துவிட்டு வீட்டுக்கு வருவார்.

"இன்னைக்கு எப்படிப்பா இருந்தது?"

"நல்லா இருந்தது. தண்ணி வந்துடும்."

ஊக்குவின் அம்மா பை தைக்கும் கம்பெனியில் வேலை பார்த்தார். பத்துப் பேர் தைப்பதை ஒற்றை ஆளாகத் தைப்பார். பத்துப் பேர் பொறுத்துக்கொள்வதை ஒற்றை ஆளாகப் பொறுத்துக்கொள்ளவும் செய்தார். அந்த வாரம் பொறுமை முடிந்துபோனது. பரணிலிருந்து தகரப் பெட்டியை இறக்கித் தூசு தட்டினார்.

"தண்ணி லாரி ஓட்ட ஆள் கேட்கறாங்க. படகுக்கு முன்னால நீங்க லாரிதானே ஓட்டினீங்க? திங்கட்கிழமை வரைக்கும்தான் இடம் வெச்சிருப்பாங்களாம்."

"தண்ணி மேல ராஜா மாதிரி போனவன் நான். இப்போ அதை முதுகுல கட்டிக்கிட்டு வீதி வீதியா அலையணுமா?"

"வேணாம். அலையவே வேணாம். திங்கட்கிழமை நானும் பொண்ணும் எங்க அண்ணன் ஊருக்குக் கிளம்பறோம். நீங்க அந்தப் படகைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருங்க."

ஊக்குவின் துணிகள் ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் போயின. மாமா வீட்டில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும். ஆனால் அங்கே அப்பா இருக்க மாட்டார். ஊக்கு எவ்வளவு யோசித்தும், அப்பா இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

*

பள்ளிக்கூடத்தில் பழைய சாமான் அறையைக் காலி செய்து, இரண்டு மெஷின்களை வைத்திருந்தார்கள். ஒன்று, பிளாஸ்டிக் நூலை உருக்கி, எறும்பு புற்று கட்டுவதுபோலச் சிறிது சிறிதாகப் பொருள்களைக் கட்டி எழுப்பும். இன்னொன்று, கம்ப்யூட்டரில் போட்ட கோட்டின்படி, கத்தி இல்லாமல் வெறும் ஒளியாலேயே அட்டையை வெட்டும். அதற்கு 'மாமியார்' என்று பெயர். மெஷினைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் வைத்த பெயர். அவருக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது.

"மூடியைத் திறந்தா புகை. கிட்டப் போனா சுடும். நாள் பூரா முணுமுணுப்பு. ஆனா வேலை மட்டும் சுத்தம்" என்பார் மெஷின் அண்ணன், அக்கம்பக்கம் பார்த்துவிட்டு.

கலை டீச்சர் ஒரு கண்காட்சிக்கு ஏற்பாடு செய்திருந்தார். "நம்ம ஊரோட வெயிலும் மழையும் எப்படி மாறிப்போச்சுன்னு காட்டணும். படத்துல பார்த்தா மறந்துடுவோம். அதனால கையால தொட்டுப் பார்க்கிற மாதிரி செய்யுங்க."

ஒரு குழு, மாதா மாதம் பெய்த மழையைப் பற்களாக மாற்றி, பிளாஸ்டிக்கில் ஒரு பல்செட் செய்தது. மழை பெய்யாத மாதமெல்லாம் ஓட்டைப் பல். மொத்த மழையும் ஒரே அடியாகக் கொட்டிய மாதம் யானைத் தந்தம் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பல்செட்டைப் பார்த்தவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு மெதுவாகச் சிரிப்பை நிறுத்தினார்கள்.

ஊக்கு ஏரியை எடுத்துக்கொண்டாள். அவளோடு சேர்ந்தவன் மைக். அவன் ரகசியம் சொன்னால் அடுத்த தெருவில் ஆள் திரும்பிப் பார்க்கும். அதனால் அந்தப் பெயர்.

வானத்திலிருந்து ஏரியை எடுத்த படங்கள் கம்ப்யூட்டரில் இருந்தன, ஆண்டுக்கு ஒன்றாக. ஒவ்வொரு படத்திலும் தண்ணீரின் கரையோரமாக ஊக்கு ஒரு கோடு வரைய வேண்டும். அந்தக் கோட்டின்படி மாமியார் அட்டையில் ஓட்டை வெட்டுவார். பெரிய ஓட்டை மேலே, சிறிய ஓட்டை கீழே என்று அட்டைகளை அடுக்கி ஒட்டினால், நடுவில் கிண்ணம்போலப் பள்ளம் வரும். அதுதான் ஏரி. ஆண்டுக்கு ஒரு படியாகத் தண்ணீர் இறங்கிப்போனது அதில் தெரியும்.

ஊக்கு வரைந்தாள். பழைய ஏரி திரை முழுக்க இருந்தது. அடுத்தது கொஞ்சம் மெலிந்திருந்தது. அதற்கடுத்தது இன்னும் மெலிவு. போன ஆண்டுப் படத்தில் ஏரி ஒரு பொத்தான் அளவுதான்.

"ஏன் டீச்சர் இப்படி ஆச்சு?"

"முன்னெல்லாம் மழை நிதானமா, நிறைய நாள் பெய்யும். மண்ணு குடிச்சதுபோக மீதி ஏரிக்கு வரும். இப்போ ஒரே நாள்ல கொட்டிட்டு ஓடிடுது. மத்த நாளெல்லாம் வெயில் ஏரியைக் குடிக்குது. வருஷத்துக்கு வருஷம் சூடும் ஏறிக்கிட்டே போகுது. சுத்தி இருக்கிற ஊர் ஏரிகளுக்கும் இதே கதைதான்."

"திரும்பி வந்துடுமா?"

எந்தக் கேள்விக்கும் கேள்வி முடியும் முன்பே பதில் சொல்லிவிடும் டீச்சர் அவர். இப்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"பழைய மாதிரி வராதும்மா."

ஊக்கு இந்த ஆண்டுப் படத்தைத் திறந்தாள். வெறும் பழுப்பு. வரைய ஒரு கரைகூட இல்லை. நடுவில் மட்டும் தூசு மாதிரி ஏதோ இருந்தது. திரையைத் துடைத்தாள். போகவில்லை. படத்தைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள்.

தூசுக்கு இரண்டு முனையும் கூராக இருந்தன.

அது படகு. அப்பா அதில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவ்வளவு பெரிய வறண்ட பள்ளத்தில், வானத்திலிருந்து பார்க்க, அரிசியில் பாதிகூட இல்லாமல் தனியாக உட்கார்ந்திருக்கிறார்.

மைக்கிடம்கூட அவள் சொல்லவில்லை. அந்தத் தூசைச் சுற்றிக் கொஞ்சம் பெரிதாகவே ஒரு கோடு போட்டாள்.

வெட்டி எடுத்ததைப் பார்த்து மெஷின் அண்ணன் கண்ணைச் சுருக்கினார். "இது என்ன, ஈயா?"

"இந்த வருஷம், அண்ணா. பள்ளத்துக்கு அடியில வெச்சுக்கறேன்."

நகத்தளவு படகு. ஓரமெல்லாம் கருகியிருந்தது. ஊக்கு அதைக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

*

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஊக்கு பசை டப்பாவோடு வந்தாள். மேஜை மேல் ஏரிகள் மட்டும் இருந்தன. அதாவது, ஓட்டை வெட்டும்போது நடுவிலிருந்து விழுமே, அந்தத் துண்டுகள்.

"ஓட்டை போட்ட அட்டையெல்லாம் எங்கடா?"

"குப்பையா? அது போயாச்சு" என்றான் மைக் பெருமையாக. "ஏரி மாதிரி இருக்கறதை எடுத்து வெச்சேன். ஓட்டையா இருந்ததைப் பழைய பேப்பர் வண்டியில ஏத்திட்டேன். மேஜை எப்படிப் பளிச்சுனு இருக்கு பாரு!"

ஊக்கு மேஜைக்கு அடியில் குனிந்து தேடினாள். அங்கேயும் இல்லை.

"ஏன்? நாம செய்யறது ஏரிதானே?"

"டேய், ஓட்டைதான்டா ஏரி! நீ தூக்கிப் போட்டியே, அதுதான் கரை!"

மைக்குக்குப் புரிய அரை நிமிடம் ஆனது. புரிந்ததும் அழுதான் பாருங்கள் ஒரு அழுகை! மைதானத்தில் விளையாடிக்கொண்டிருந்தவர்கள், பள்ளி முடிந்துவிட்டது என்று நினைத்துப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள்.

"அழறதையாவது கொஞ்சம் மெதுவா அழுடா" என்றாள் ஊக்கு.

மெஷின் அண்ணன் அலமாரியைத் திறந்து காட்டினார். புது அட்டை ஒன்றுகூட மிச்சமில்லை. மைக் அழுதுகொண்டே துண்டுகளைத் தலைகீழாக அடுக்கிப் பார்த்தான். அது பம்பரம்போலச் சாய்ந்து, அவன் காலிலேயே விழுந்தது. பெரியதை அடியில் வைத்து அடுக்கினால் மட்டும் நின்றது. ஆனால் அது ஏரி இல்லை. மலை.

டீச்சர் வந்து பார்த்தார். தலையில் கை வைத்தார். "ஏரி கேட்டா மலையைக் கொண்டு வந்திருக்கீங்க. சரி, ஒட்டாதீங்க. எங்கேயாவது அட்டை கிடைச்சா மாத்திக்கலாம்." அவர் குரலிலேயே, கிடைக்காது என்பது தெரிந்துவிட்டது.

ஊக்கு கையைத் திறந்தாள். படகு இருந்தது. அதை வைக்கப் பள்ளம் இல்லை. வேறு வழியில்லாமல் மலை உச்சியில் வைத்தாள்.

"என்னால எல்லாம் கெட்டுப்போச்சு" என்றான் மைக். "நீ என்ன சொன்னாலும் செய்யறேன். எதுவேணா சொல்லு. மாமியாரைக்கூடத் துடைக்கறேன்."

ஊக்கு அவனையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பெட்டி கட்டியாகிவிட்டது. திங்கட்கிழமைக்கு முன்னால் இருப்பது இந்தக் கண்காட்சிதான். அப்பா ஒருமுறையாவது படகை விட்டு இறங்கி வந்து இதைப் பார்க்க வேண்டும். பார்த்து என்ன ஆகும் என்று அவளுக்கே தெரியாது. ஆனால் படகைத் தனியாக விட்டுவிட்டு அவர் எங்கேயும் வர மாட்டார்.

"உனக்கு டூட்டி பார்க்கத் தெரியுமா?" என்று கேட்டாள்.

*

சனிக்கிழமை காலை இருவரும் காய்ந்த ஏரியில் நடந்தார்கள். தரையிலிருந்து வந்த சூட்டில், மைக்கின் செருப்பு பாதி வழியிலேயே உருகி அப்பளமாகிவிட்டது. சரி, கால்வாசி உருகியது.

"கேப்டன், ஸ்கூல் வரைக்கும் வரணும்" என்றாள் ஊக்கு, படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு.

"டூட்டி நேரத்துல எப்படிம்மா? திடீர்னு தண்ணி வந்துட்டா?"

"அதுக்குத்தான் ஆள் கூட்டிட்டு வந்திருக்கேன்."

மைக் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தான். "தண்ணி வந்தா ஒரே கத்து கத்தறேன், கேப்டன். ஸ்கூலுக்குக் கேட்கும். அதுக்கு அடுத்த ஊருக்கும் கேட்கும்."

அப்பா அவனை மேலும் கீழும் பார்த்தார். ஊக்குவைப் பார்த்தார். திங்கட்கிழமையைப் பற்றி இருவரும் பேசவில்லை. தொப்பியைக் கழற்றி மைக்கின் தலையில் வைத்தார். அது அவன் மூக்கு வரை இறங்கியது.

கண்காட்சியில் கூட்டம். பல்செட்டைச் சுற்றி ஒரு கும்பல் நின்றது. மலையைச் சுற்றி அதைவிடப் பெரிய கும்பல்.

"அட, மலை மேல படகு!" என்று ஒருவர் சிரித்தார்.

"வெள்ளம் வந்து தூக்கி வெச்சுட்டுப் போயிடுச்சோ?"

"யாரோ கேப்டன் வழி தப்பிட்டாருப்பா!"

ஊக்கு வாசல் பக்கம் பார்த்தாள். அப்பாவைக் கூட்டி வந்ததே தப்போ? அவரைக் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போய்விடலாமா?

அதற்குள் அப்பா மேஜை அருகில் வந்துவிட்டார். குனிந்து படகைப் பார்த்தார். கூட்டத்தில் சிலர் அவரை அடையாளம் கண்டு, சிரிப்பை விழுங்கிக்கொண்டு நகர்ந்தார்கள்.

"இது நம்ம படகா?"

"ஆமாப்பா. வானத்துலேர்ந்து எடுத்த படத்துல நீ தெரிஞ்சே."

"அவ்வளவு உயரத்துலேர்ந்தா?" அப்பா தாடையைத் தடவினார். "கீழ இருக்கறதெல்லாம்?"

"தண்ணிப்பா. வருஷத்துக்கு ஒரு அட்டை. பெரியதுதான் பழசு. மைக் தெரியாம கரையைத் தூக்கிப் போட்டுட்டான். போன தண்ணி மட்டும்தான் மிச்சம் இருக்கு."

அப்பா படகை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். மேலே இருந்த பொத்தான் ஏரியைத் தூக்கினார்.

"இதுல ஒரு எருமை குளிச்சது. பாவம், முதுகு நனையலை."

அடுத்ததைத் தூக்கினார். "இதுல மூணு பேர் ஏறினாலே தரை தட்டும். நானே இறங்கித் தள்ளிக்கிட்டுப் போனேன்."

அடுத்தது. "இதுல நீ நீச்சல் கத்துக்கிட்டே. பாதி ஏரியைக் குடிச்சே. அதனாலதான் வத்திப்போச்சோ என்னவோ."

ஊக்கு சிரித்துவிட்டாள்.

ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் பரப்பினார். கடைசியில் அடியில் இருந்த பெரிய ஏரி மட்டும் மிஞ்சியது. அதன் கருகிய ஓரத்தை விரலால் தடவினார்.

"இதுலதான் உங்க அம்மா முதல் தடவை ஏறினா. படகு ஆடுதுன்னு என்னைத் திட்டிக்கிட்டே வந்தா."

பெரிய ஏரியின் ஒரு கரையில் படகை வைத்தார். ஒரே விரலால் தள்ளினார். அட்டையின் மேல் அது சரசரவென்று மெதுவாகப் போனது. அவசரமே இல்லை. அக்கரை வந்ததும் நிறுத்தினார்.

"அப்பா, தண்ணி வராதுன்னு டீச்சர் சொல்றாங்க."

"எனக்குத் தெரியாதுன்னா நினைச்சே?"

"அப்புறம் ஏன்பா தினமும் போய் உட்கார்ந்தே?"

அப்பா படகை அட்டையின் ஓரத்தோடு நேராக்கினார்.

"நான் எழுந்து வந்துட்டா, ஏரி வத்திடுச்சுன்னு ஆயிடுமேம்மா."

ஊக்கு அவர் பக்கத்தில் ஒட்டி நின்றுகொண்டாள். ஒரு அட்டையை எடுத்து அவரிடம் நீட்டினாள். அவர் அதைப் பெரிய ஏரியின் மேல் வைத்தார். அவள் அடுத்ததை நீட்டினாள். அவர் வைத்தார். அளவு பார்த்து, ஓரம் பார்த்து, ஆண்டு ஆண்டாக இருவரும் சேர்ந்து மலையை மறுபடி அடுக்கினார்கள்.

பொத்தான் ஏரியும் மேலே ஏறியது. படகு மட்டும் பாக்கி. அப்பா அதைக் கையில் வைத்துக்கொண்டு மலையின் உச்சியைப் பார்த்தார்.

"இவ்வளவு உயரத்துலயா உட்கார்ந்திருந்தேன்?" என்றார். "கால் மரத்துப்போச்சும்மா."

படகை உச்சியில் வைக்கவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

*

அவர்கள் திரும்பிப் போனபோது, மைக் வெயிலில் வெந்து செம்பு நிறமாகி, தொப்பிக்குள் உட்கார்ந்திருந்தான்.

"கேப்டன், டூட்டியில ஒரு குறையும் இல்லை. தண்ணி வரலை."

"தெரியும்டா. இறங்கு."

"நீங்க ஏறலையா?"

"துடுப்பை எடுத்துட்டுப் போக வந்தேன்."

துடுப்பைத் தோளில் வைத்துக்கொண்டு அப்பா முன்னால் நடந்தார். ஒருமுறை நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு நடந்தார்.

வாசலில் துடுப்பைப் பார்த்த அம்மா உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து, ஊக்குவின் துணிகளை மறுபடி அலமாரியில் அடுக்கினார். அப்போது மூக்கை இரண்டு மூன்று முறை உறிஞ்சினார். தூசு என்று சொன்னார். அந்தத் துடுப்பை முற்றத்தில் குறுக்காகக் கட்டி, இப்போது அதில்தான் துணி காயப்போடுகிறார்கள்.

ஏரி இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அதற்கு இந்தக் கதையில் தண்ணீர் ஊற்ற முடியாது.

ஆனால் தண்ணீர் லாரி வருகிறது. மற்ற லாரிக்காரர்களைப்போல அதன் டிரைவர் ஹாரன் அடிப்பதில்லை. தெருமுனையில் தலையை வெளியே நீட்டி, முன்பு கரையில் நின்று படகுக்கு ஆள் கூப்பிட்ட அதே குரலில், "வாங்க, வாங்க! கிளம்பப் போறோம்!" என்று கூவுகிறார். குடங்கள் ஓடி வருகின்றன.

பள்ளி விடும் நேரத்தில் ஊக்குவும் மைக்கும் அந்த லாரியில் ஏறிக்கொள்வார்கள். ஸ்டியரிங்குக்கு முன்னால், ஓரம் கருகிய ஒரு குட்டிப் படகு நூலில் தொங்குகிறது. மேடு பள்ளத்தில் லாரி இறங்கி ஏறும்போது, பின்னால் தொட்டியில் தண்ணீர் தளும்புகிற சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துக்கு ஏற்றபடி, முன்னால் படகு ஆடும்.